ஆயிரத்து இருநூற்றைம்பது என்று பொய் சொன்ன சிப்

நான் வேலை பார்த்த மையத்தில் இப்போது இருக்கிற பிள்ளைகள் போன மாதம் போன் செய்தார்கள். மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறதாம். அதில் ஒரு கேள்வி: 'உங்கள் அலுவலகக் கருவிகளில் தீய நோக்கத்துடன் மாற்றப்பட்ட சிப்கள் எவையேனும் உள்ளனவா? ஆம் அல்லது இல்லை என்பதில் டிக் செய்யவும்.' எதில் டிக் அடிப்பது என்று கேட்டார்கள். 'இல்லை'யில் அடியுங்கள், ஊரெல்லாம் அதில்தான் அடிக்கும், சிப்பை மாற்றி வைத்தவனும் அதில்தான் அடிப்பான் என்றேன். சிரித்தார்கள். அதில் ஒருத்தி, நம் சூளையிலேயே அப்படி ஒன்று நடந்ததாமே, எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டாள். பணி ஓய்வு பெற்றவளுக்கு இப்படி ஒரு வேண்டுகோள் போதும்.

டிவியில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோட்டு போட்டிருக்கிறார்கள். எதிரி நாடு, உளவு, செயற்கைக்கோள் என்கிறார்கள். இருக்கலாம். எங்கள் ஊருக்கு எதிரி நாடு எதுவும் வரவில்லை. விருத்தாசலம் ஜங்ஷனில் காலை ரயிலில் இறங்கி, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஏறி வந்தது. வந்ததற்குப் பார்வையாளர் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டது.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ். வகுப்பில் பெண்கள் இரண்டு பேர். இன்னொருத்தி பாதியில் கல்யாணமாகிப் போய்விட்டாள். எனக்கு வரன் அமைவதற்குள் வேலை அமைந்துவிட்டது. பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பொதுச் சூளை மையம். சொந்தமாகச் சூளை வைக்க முடியாத சிறு பட்டறைக்காரர்கள் தங்கள் சரக்கை அங்கே கொண்டுவந்து சுட்டுக்கொண்டு போவார்கள். அங்கே கருவிகளைப் பழுதுபார்ப்பதும், அவை சரியாகக் காட்டுகின்றன என்று சான்று எழுதுவதும் என் வேலை. சான்றில் கீழே 'வசந்தா' என்று கையெழுத்துப் போடுவேன். இந்தக் கதையில் நான் செய்த முதல் காரியம் அந்தக் கையெழுத்துத்தான். அதனால் மற்றவர்களைக் கேலி செய்யும்போது என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேலாளர் தணிகாசலம் சார் நல்ல மனிதர். கெட்டது செய்யத் தைரியம் இல்லாத அளவுக்கு நல்லவர். பச்சை மையில் கையெழுத்திடுவார். எந்தக் காகிதம் வந்தாலும் இரண்டு முறை படிப்பார். பிறகு திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். வெற்றுக் காகிதமாக இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்ப்பார். வாயைத் திறந்தால் 'விதிப்படி பாத்தா' என்று ஆரம்பிப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் கையில் சிக்கியவர்களுக்கு அதுதான் வேதனை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில ஆண்டுகள் அவை. எல்லா அலுவலகத்துக்கும் 'நவீனமயம்' என்ற காய்ச்சல் கண்டிருந்தது. எங்களுக்கு வந்தது சூளையின் வெப்பத்தைத் தானே பார்த்து, தீயைத் தானே கூட்டிக் குறைக்கிற ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. முகப்பில் சிவப்பு எண்கள் எரியும். சூளைக்குள் நீட்டியிருக்கும் தெர்மோகப்பிள் என்ற கம்பி, வெப்பத்துக்கு ஏற்ற ஒரு சின்ன மின்னழுத்தத்தை அனுப்பும்; பெட்டிக்குள் இருக்கிற சிப் அதை டிகிரியாக மாற்றிக் காட்டும். ஆயிரத்து இருநூற்றைம்பது டிகிரி வந்ததும் தீயை அணைத்துவிடும். ஒரு பெட்டி ஓட, இன்னொன்று கையிருப்பாக இருக்க, இரண்டு வாங்கினார்கள். கையிருப்புப் பெட்டியைத் தணிகாசலம் சார் அலமாரியில் வைத்துப் பூட்டி அரக்கு முத்திரையும் போட்டார். ஓடுகிற பெட்டிக்குக் கருநீல வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டார். ஆயுத பூஜைக்கு அதற்குத்தான் முதல் சந்தனம். எங்கள் தெர்மோகப்பிளுக்குக்கூட ஒரு பொட்டு கிடைக்கவில்லை.

அதற்கு முன்னால் வெப்பத்தைப் பார்த்துச் சொன்னவர் ஆரோக்கியம் அண்ணன். சூளைக்காரர். கதவிலுள்ள சின்ன ஓட்டை வழியாக, உள்ளே நிற்க வைத்திருக்கும் கோனைப் பார்ப்பார். கோன் என்பது சுண்டுவிரல் உயரத்துக்கு இருக்கும் களிமண் கூம்பு. குறித்த வெப்பம் வந்தால் தலை சாய்ந்துவிடும். வராவிட்டால் விறைத்து நிற்கும். அதற்கு யாரும் புரோகிராம் எழுத முடியாது. பெட்டி வந்த பிறகு கோன் வாங்குவதைத் தணிகாசலம் சார் நிறுத்திவிட்டார். ஒரே வேலைக்கு இரண்டு சாமான் இருந்தால் தணிக்கையில் கேள்வி வருமாம். ஆரோக்கியம் அண்ணன் மிச்சமிருந்த கோன்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் ஒளித்து வைத்துக்கொண்டார்.

பெட்டி முதலாண்டு ஒழுங்காக ஓடியது. விற்ற கம்பெனியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரதீப் என்கிற சர்வீஸ் என்ஜினியர் வருவார். மரியாதையான பையன், நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். ஒரு முறை வந்தபோது, புது வெர்ஷன் வந்திருக்கிறது என்று சொல்லிப் பெட்டியைத் திறந்து சிப்பை மாற்றினார். பழைய சிப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார். 'சிப் மேம்படுத்தப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தார். சார் அதைப் படித்து, திருப்பிப் பார்த்து, பச்சை மையில் ஒப்பமிட்டார். நான் பக்கத்தில் நின்று ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த ஆண்டுக்கான பராமரிப்பு ஒப்பந்தம் மேலிடத்தில் ஏதோ மேசையில் மாட்டிக்கொண்டது. பிரதீப் வருவது நின்றது. ஐந்தாறு மாதம் போனது. பிறகு சரக்கு கெட ஆரம்பித்தது.

முதலில் சொன்னவர் சகாபுதீன் பாய். மங்கலம்பேட்டைக்காரர். அண்ணன் தம்பியெல்லாம் வளைகுடாவுக்குப் போய்விட, இவர் மட்டும் பட்டறை வைத்து ஃபியூஸ் கேரியர் செய்துகொண்டிருந்தார். மின்கம்பத்திலும் மோட்டார் கொட்டகையிலும், கையால் பிடித்து இழுப்போமே, அந்த வெள்ளைப் பீங்கான். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டியது, மொத்து மொத்தென்று கேட்கிறது என்றார். ஆரோக்கியம் அண்ணனும் சாரிடம் வந்து, கோன் சாயவில்லை, சூளை வேகவில்லை என்றார். நீங்கள்தான் கோனே வைக்கக் கூடாதே என்று சார் கேட்டார். விவாதம் சூளையை விட்டு விலகிக் கோனுக்குப் போய்விட்டது. அது பழைய கோன், ஈரம் ஏறியிருக்கும் என்று சாரே முடிவும் சொல்லிவிட்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டுக் கருவியைச் சோதிக்கச் சொன்னார். சோதனை எளிது. தெர்மோகப்பிளைக் கழற்றிவிட்டு, அது அனுப்பும் மின்னழுத்தத்தை நானே ஒரு சின்னக் கருவியால் கொடுப்பேன். ஐந்நூறுக்கு உரியதைக் கொடுத்தேன், ஐந்நூறு காட்டியது. ஆயிரத்துக்குக் கொடுத்தேன், ஆயிரம். ஆயிரத்து இருநூற்றைம்பதுக்கும் சரியாகக் காட்டியது. தெர்மோகப்பிளையும் சோதித்தேன், அதுவும் சரி. மொத்தம் பத்து நிமிடம். 'கருவி துல்லியமாக இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மோர் குடிக்கப் போய்விட்டேன்.

என் சான்றை இணைப்பாக வைத்து மறுநாள் ஆரோக்கியம் அண்ணனுக்கு மெமோ போனது. கருவி சரியாக இருக்கையில் சரக்கு வேகாததற்குச் சூளைக்காரரின் கவனக்குறைவே காரணம் எனக் கருதப்படுவதால், ஏழு நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டும். அதுவரை அவருக்கு வாசல் காவல். இருபது வருஷம் தீயைப் பார்த்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதினார். என்றைக்கோ விட்டுவிட்ட குடியைத் திரும்பப் பிடித்துவிட்டார் என்று தொழிற்பேட்டை முழுக்கப் பேச்சு. மாதா கோயில் திருவிழாவில் தேர் வடம் பிடிக்கப் போனவரிடம் யாரோ வாயை ஊதிக்காட்டச் சொன்னார்களாம். சொன்னவன் சொந்த மச்சான்.

ஒரு வாரம் நான் வாசலைக் கடக்கும்போது குனிந்துகொண்டே போனேன். அப்புறம் முடியவில்லை. நின்றேன். அவர் வண்டி நம்பர் எழுதிக்கொண்டே பேசினார்.

"கையெழுத்து போட்டீங்களாமே, வசந்தாம்மா."

பத்து நிமிஷம் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது என்றேன்.

"பத்து நிமிசத்துல எதும்மா வேவும்? சோறே வேவாது. ஆயிரம் வரைக்கும் அது ஒழுங்காத்தான் போவுது. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் களிச்சு நம்பர் மட்டும் ஓடுது, சூளை ஓடல. தீ அதே நெறத்துலதான் நிக்குது. நான் பாத்துக்கினேதான இருக்கறேன்."

வேலைக்குச் சேர்ந்து அத்தனை வருஷத்தில் நான் கேட்ட மிகச் சரியான தொழில்நுட்ப அறிக்கை அதுதான். தட்டச்சு செய்யப்படாத காரணத்தால் அதை யாரும் படிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கிக்கொண்டு காலை ஆறு மணிக்கு மையத்துக்குப் போனேன். பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். பத்து நிமிடச் சோதனை வேண்டாம், முழுச் சூளையையே மேசைமேல் எரித்துப் பார்ப்பது என்று முடிவு. அறையில் தீ கிடையாது, சரக்கு கிடையாது. நான் கொடுக்கிற மின்னழுத்தம் மட்டும்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, நிஜச் சூளை ஏறுகிற வேகத்திலேயே ஒரு கோடு ஏற்றிவிட்டு, பெட்டி காட்டுவதை நோட்டில் எழுதுவேன். இதைவிடச் சலிப்பான வேலை உலகத்தில் கிடையாது. ஆரோக்கியம் அண்ணன் வாசலை விட்டு வரக் கூடாது என்பதால், ஜன்னலுக்கு வெளியே நின்று டீ கொடுத்தார்.

மதியம் ஒரு மணிக்கு ஆயிரத்தைத் தாண்டியது. சரியாகக் காட்டியது. இரண்டு மணிக்கும் சரி. மூன்று மணிக்கு நான் ஆயிரத்து நூறு கொடுத்தேன்; பெட்டி ஆயிரத்து நூற்று நான்கு என்றது. அடுத்து எட்டு கூடுதல், அடுத்து பதின்மூன்று. நாலரைக்கு நான் கொடுத்தது ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. பெட்டி ஆயிரத்து இருநூற்றைம்பது என்று அறிவித்து, இல்லாத தீயை அணைத்துவிட்டது. அறுபது டிகிரி பொய். பழுதான கருவி கண்டபடி காட்டும், சோதிக்கும்போது மாட்டிக்கொள்ளும். சோதிக்கிறவர் எழுந்து போகும்வரை காத்திருக்கிற பழுதை நான் பார்த்ததில்லை. காத்திருக்க யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை நான் சாரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கோப்பு ஆரம்பிப்பார். மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போன நேரத்தில் அவர் மேசையில் விட்டுப்போன சாவியால் அலமாரியைத் திறந்து அரக்கு முத்திரையை உடைத்தேன். கையிருப்புப் பெட்டியிலிருந்த சிப்பையும், ஓடுகிற பெட்டியின் சிப்பையும் ஒன்றுக்கொன்று மாற்றினேன். பிரதீப் வைத்த சிப்பின் மேல் அசல் போலவே ஸ்டிக்கர். ஓரத்தில் நகத்தால் உரித்தால் கீழே இன்னொரு ஸ்டிக்கரின் பசை. இரண்டு பெட்டிக்கும் ஒரே மின்னழுத்தத்தைக் கொடுத்து அடுத்த நாள் முழுக்க மறுபடியும் உட்கார்ந்தேன். பொய் இடம் மாறியிருந்தது. இத்தனை நாள் அலமாரியில் தூங்கிய பெட்டி மாலையில் பொய் சொன்னது. வெல்வெட் போட்டுக் கும்பிட்ட பெட்டி உண்மை பேசியது. குற்றம் பெட்டியில் இல்லை, கம்பியில் இல்லை, ஆரோக்கியம் அண்ணனிடம் நிச்சயமாக இல்லை. கட்டைவிரல் அகலச் சிப்பில் இருந்தது.

நோட்டைச் சாரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு, "விதிப்படி பாத்தா, அந்த முத்திரைய ஒடைக்க ஒனக்கு யாரும்மா அதிகாரம் குடுத்தது?" என்றார். எனக்கும் ஒரு மெமோ வந்தது.

நல்ல வேளையாக அன்றைக்குச் சகாபுதீன் பாய் தன் சரக்கோடு வந்திருந்தார். சார் அறையிலேயே ஒரு ஃபியூஸ் கேரியரை வாங்கி உடைத்தேன். நன்றாக வெந்த பீங்கான் உடைந்த இடத்திலும் தண்ணீரைக் குடிக்காது. மை விட்டுக் கழுவினால் ஓடிவிடும். அறையில் இருந்த ஒரே மை சாரின் பச்சை மைதான். ஒரு சொட்டு விட்டேன். உறிஞ்சிக்கொண்டது. குழாயில் காட்டினேன், பச்சை போகவில்லை.

பாய் அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மேலுக்குப் பளபளன்னுதான இருக்குது" என்றார்.

மை குடித்தது மழைத்தண்ணியையும் குடிக்கும், பாய், அதற்கப்புறம் அதில் கரண்ட் வரும், நனைந்த கையோடு அதைப் பிடித்து இழுக்கிறவர் கதி என்ன என்றேன். பாய் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முந்தைய சுடலில் வந்த சரக்கைத் திட்டக்குடி, பெண்ணாடம் கடைகளுக்குப் போட்டுவிட்டிருந்தார். கரும்புக்காட்டு மோட்டார் கொட்டகைகளுக்குப் போகிற சரக்கு. சாரைப் பார்த்து, "கம்பெனிக்காரன இங்க வரச் சொல்லுங்க சார். இல்லாட்டி நான் இந்தத் துண்ட எடுத்துக்கினு கலெக்டர் ஆபீசுக்குப் போறேன்" என்றார். சார் குரலை உயர்த்தாதவர்; உயர்த்தாமல் பேசுகிற இன்னொருவரை அன்றுதான் சந்தித்தார். போனை எடுத்தார்.

பாய் அன்றே மொபெட்டில் கிளம்பிக் கடை கடையாக ஏறி இறங்கினார். முக்கால்வாசி திரும்பி வந்தது. வந்ததையெல்லாம் பட்டறை வாசலில் கொட்டிச் சுத்தியால் அவரே உடைத்தார். மீதி எந்தக் கொட்டகையில் மாட்டியிருந்ததோ, யாருக்கும் தெரியாது. வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு எனக்கு அந்த நினைப்பு வரும்.

பிரதீப் வந்தார். பெட்டியை மேசையில் வைத்துப் பத்து நிமிடச் சோதனை செய்து காட்டினார். எல்லாம் சரி. உங்கள் ஊர்த் தூசிதான் காரணம் என்றார். நான் முழுச் சூளை எரித்துப் பார்க்கலாம் என்றேன். ரயில் இருக்கிறது என்றார். மறுநாளும் ரயில் இருக்கிறது என்று பாய் சொன்னார். மறுநாள் காலை ஆறு மணிக்கே உட்கார்ந்தோம். சார், பாய், நான், பிரதீப். வாசலில் அன்றைக்கு வண்டி எதுவும் வராது என்று அவராகவே தீர்மானித்துக்கொண்டு ஆரோக்கியம் அண்ணனும் உள்ளே வந்து நின்றார்.

மேசைமேல் இருந்த பெட்டியில் நான் வைத்திருந்தது நல்ல சிப். இன்னொரு பெட்டி, பிரதீப்பின் சிப்போடு, கீழ்த்தட்டில் வெல்வெட் உறைக்குள் இருந்தது. நான் மின்னழுத்தம் கொடுக்கிற ஒரே கம்பி இரண்டுக்கும் போனது. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சார் விதியைத் தேடுவார்.

ஒரு மணிவரை பிரதீப் நன்றாகப் பேசினார். அப்புறம் பேச்சு குறைந்தது. மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்து, கண்ணாடியில் தூசி என்று கைக்குட்டையால் முகப்பைத் துடைத்தார். துடைக்கிற கையின் இரண்டு விரல்கள், இரண்டு ஓரத்துப் பொத்தான்களை ஒன்றாக அழுத்திக்கொண்டு நின்றன. நல்ல சிப்புக்கு அந்தப் பாஷை தெரியாது. 'தவறு' என்பதற்கான ஆங்கில எழுத்துகளைக் காட்டிப் பீப் அடித்தது. அறையில் எல்லோரும் பார்த்தார்கள். அது என்ன பொத்தான் என்று கேட்டேன். ரீசெட் என்றார். கையேட்டில் அப்படி ஒன்று இல்லையே என்றேன். அவர் உட்கார்ந்தார், எங்கள் மையத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மூன்றரைக்கு வெல்வெட் உறையை எடுத்தேன். மேசைப் பெட்டியில் ஆயிரத்து நூற்று முப்பது. கீழே ஆயிரத்து நூற்று ஐம்பத்தைந்து. ஒரே கம்பி.

"அந்தப் புரோகிராம நான் எழுதல மேடம்" என்றார் பிரதீப். "குடுத்து மாத்துன்னாங்க, மாத்துனேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து அந்த ரெண்டு பொத்தானையும் அழுத்திட்டுப் போவணும். அழுத்தலன்னா அது தப்பா காட்ட ஆரம்பிச்சுடும். ஒப்பந்தம் இல்லன்னா போவாதன்னாங்க. சரக்கு கெட்டா அவங்களே கூப்புட்டு ஒப்பந்தம் போடுவாங்கன்னாங்க."

ஆரோக்கியம் அண்ணன் வாசலுக்குத் திரும்பிப் போனார்.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. 'மென்பொருளில் எதிர்பாராத நடத்தை' காணப்பட்டதாம், வருந்துகிறார்களாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆளனுப்பி எதிர்பார்த்த நடத்தை அது. சார் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை ஒரே வரி: 'கருவியில் ஏற்பட்ட சிறு கோளாறு சரிசெய்யப்பட்டது.' போலீசுக்குப் போகலாம் என்றேன். என்ன பிரிவில் புகார் கொடுப்பது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அடுத்த கொள்முதலின்போது, சிப்பின் புரோகிராம் நகலை எங்களிடம் ஒப்படைக்க வேண்டும், முழுச் சுடல் சோதனை வேண்டும் என்று இரண்டு நிபந்தனை எழுதிக் கொடுத்தேன். 'அவசியமில்லை' என்று பச்சை மையில் திரும்பி வந்தது. நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு பெட்டியையும் மேசைமேல் ஒரு பகல் முழுக்க எரித்துப் பார்த்துத்தான் சான்று எழுதினேன். சோம்பேறி என்று பேர் எடுத்தேன்.

ஆரோக்கியம் அண்ணனைச் சூளைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மெமோவை வாபஸ் வாங்கவில்லை. கொடுத்த மெமோவை வாபஸ் வாங்க விதி கிடையாதாம். விளக்கம் வந்தால் கோப்பை முடிக்கலாம். ஏழு நாள் கெடு தாண்டிவிட்டதாக ஒரு நினைவூட்டலும் வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நீங்களே எழுதுங்கம்மா, நான் சொல்றேன் என்றார். எழுதினேன். ஒரு எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை.

'ஐயா, அன்னிக்கு நான் சூளையைப் பாத்துக்கினு இருந்தேன். நீங்க பொட்டியைப் பாத்துக்கினு இருந்தீங்க. இப்படிக்கு, ஆரோக்கியம்.'

சார் இரண்டு முறை படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். நீண்ட நேரம் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். பிறகு எழுதினார்: 'விளக்கம் ஏற்கப்பட்டது. இனி இவ்வாறு நடவாமல் பார்த்துக்கொள்ளும்படி சூளைக்காரர் எச்சரித்து விடப்படுகிறார்.'